தாலி பெருட்

என் மகளின் தொப்புளுக்கு வலது பக்கம் மேலிருந்து கீழாக ஒரு தழும்பு இருக்கிறது. பிறந்த நாலாம் நாள் டாக்டர் கீறியது. அன்றைக்கு அது என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அவள் வளர வளர அதுவும் கூடவே வளர்ந்தது. "இது என்னம்மா?" என்று ஐந்து வயதில் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பா, "அதுவா? உங்கம்மா போட்ட கையெழுத்து" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கிற கதையை அவரைத் தவிர யாருக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியக்காரி என்பார்கள். இப்போது சொல்லலாம். என்னைக் கேலி செய்ய உரிமை இருந்தவர் போய்விட்டார்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம், மாசி மாதம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்து எனக்குப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. மலாக்கா டவுனில், காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். அவர் இங்கேயே பிறந்தவர். புக்கிட் ரம்பாய்ப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்து, டவுனுக்கு வந்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் போனால் திரும்ப இரண்டு நாள் ஆகும். வழியில் சோதனை, கெடுபிடி என்றால் மூன்று நாள். மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்குத் தெரிந்தது பத்துச் சொல், அதில் எட்டு மீன்காரனிடம் கற்றது. 'போலே' என்றால் சரி, முடியும். 'தா போலே' என்றால் முடியாது. மீனை வெட்டித் தர 'பொத்தோங்' என்று சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நான் சந்தையில் ராஜாங்கமே நடத்துகிறேன் என்று அவர் மெச்சுவார்.

எதிர்வீட்டில் ஒரு மலாக்கா செட்டி அக்கா இருந்தார். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், மேலே கெபாயாச் சட்டை. எங்கள் சாமிதான் அவருக்கும் சாமி. மாரியம்மனை விழுந்து விழுந்து கும்பிடுவார். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்த வம்சம், தமிழ் மட்டும் வராது, மலாய்தான். என்னை 'அடிக், அடிக்' என்று கூப்பிடுவார். தங்கச்சி என்று அர்த்தமாம். அது தெரிவதற்கு முன்னால், இந்த அம்மாள் எதற்கெடுத்தாலும் அடிக்க வருகிறாளே என்று ஒரு மாதம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். காதில் விழுவதையெல்லாம் தமிழாக்கிக்கொள்வது என் புத்தி. அந்தப் புத்திதான் பிறகு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்னை மாட்டிவிட்டது.

குழந்தை வீட்டிலேயே பிறந்தாள். சுகப்பிரசவம். இரண்டு நாள் நன்றாகக் குடித்தாள். அவர் மூன்றாம் நாள் விடியற்காலையில் அவள் உள்ளங்காலை முகர்ந்து பார்த்துவிட்டு லாரி எடுக்கப் போனார். அன்று மதியத்திலிருந்து குடித்த பாலைக் கக்க ஆரம்பித்தாள். கக்காத பிள்ளை உண்டா என்று மருத்துவச்சி சொல்லிவிட்டுப் போனாள். நாலாம் நாள் காலையில் வந்தது பால் இல்லை. முருங்கைக்கீரையைக் கசக்கிப் பிழிந்த சாறு மாதிரி கரும்பச்சையாக என் தோளில் வழிந்தது. அழக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

நான் துணியைத் துவைக்கலாம் என்று வெளியே எடுத்து வந்தேன். எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டார். வாங்கி விரித்துப் பார்த்தார். "ஹீஜாவ்" என்றார். பச்சை. உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு சின்னஞ்சிறு சட்டையை எடுத்து வந்து காட்டினார். அந்தச் சட்டையின் மார்பிலும் அதே பச்சை, துவைத்தும் போகாமல் மங்கலாக இருந்தது. அவர் வீட்டில் குழந்தை கிடையாது என்று எனக்குத் தெரியும். இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. அடுத்த நிமிடம் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் ஒரு பேச்சா சைக்கிள் ரிக்‌ஷாவைப் பிடித்து வந்து எங்களை ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். நெட்டையான ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அக்கா, "சுவாமி, சுவாமி" என்று சொல்லி வாசலைக் காட்டிவிட்டு லாரிக் கம்பெனிக்குக் கிளம்பினார். கோயிலுக்கு வேண்டிக்கொள்ளப் போகிறார் என்றுதான் அப்போது நான் புரிந்துகொண்டேன். தாழ்வாரத்தில் நான் தனியாக நின்றேன். மற்ற நாளாக இருந்தால் தமிழ் பேசுகிற ஆயா யாராவது இருந்திருப்பார்கள். அன்று மாசி மகம். டவுனில் பாதித் தமிழர் சாமியோடு சன்னாசிமலைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

ஒரு சீன மிஸ்ஸி வேகமாக வந்தாள். இந்த ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்பார்கள். ஒரு கையில் காகிதம், ஒரு கையில் பேனா. "சுவாமி மானா?" என்றாள். மானா என்றால் எங்கே. அது எனக்குத் தெரியும். சுவாமி எங்கே? நான் மேலே கையைக் காட்டினேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு மெதுவாக, செவிடிக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "தாலி பெருட். பொத்தோங்." இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டிக் காட்டினாள். "போலே?"

தாலி. பொத்தோங். சுவாமி.

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் பெற்று நாலு நாள் ஆனவள், பால் கட்டி மார்பு கல்லாகக் கனக்கிறவள், உள்ளே குழந்தை என்ன ஆனது என்று தெரியாதவள், அவளுக்கு மூளை எந்த இடத்தில் இருக்கும்? எனக்குப் பட்டது இதுதான்: குழந்தை பிழைக்க வேண்டுமானால் தாலியை அறுக்க வேண்டும். இந்த ஊர் வைத்தியத்தில் இப்படி ஒரு பரிகாரம் இருக்கும்போல. எங்கள் பக்கத்தில் தாலியை அம்மனுக்குக் கழற்றிப் போடுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் புருஷன் உயிருக்காக. இது தலைகீழாக இருக்கிறது. தாலியை அறுத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அவர் எந்த ஊர் ரோட்டில் எந்த மரத்தடியில் லாரியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருக்கிறாரோ. இவள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அவரா, பிள்ளையா?

எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று யாராவது கேட்டால் நெடுநேரம் என்று சொல்லத்தான் ஆசை. அப்படி இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து அவள் முனகல் கேட்டது. பூனைக்குட்டிச் சத்தம்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும்.

"போலே" என்றேன்.

காகிதத்தில் தமிழில் என் பெயரை எழுதினேன். பிறகு மஞ்சள் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி அவள் கையில் வைத்து, மீன்காரனிடம் சொல்கிற அதே குரலில், "பொத்தோங்" என்றேன்.

மிஸ்ஸி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒரு பழுப்பு உறையை எடுத்து அதற்குள் போட்டு, மேலே ஏதோ எழுதி, எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். வியர்வை மட்டும் இருந்தது.

மதியம் தாண்டி டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டிச் சிரித்தார். அதற்குள் திரும்பி வந்திருந்த அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். குழந்தை பிழைத்துவிட்டாள். எனக்கு அழவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. ஒரு பக்கம் தராசு இறங்கிவிட்டது என்றால் இன்னொரு பக்கம் என்ன ஆகியிருக்கும்? லாரி சிங்கப்பூரில் சரக்கு இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டது, இப்போது எங்கே இருக்கிறதென்று தெரியாது என்று கம்பெனியில் தமிழில் சீட்டெழுதி அக்காவிடம் கொடுத்திருந்தார்கள்.

அன்றும் மறுநாளும் நான் இரண்டு பேருக்காக ஏங்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள். மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு குழாய், வயிற்றில் பஞ்சுக் கட்டு. கட்டிலின் கால்மாட்டில் அந்தப் பழுப்பு உறை ஊசி குத்தித் தொங்கிக்கொண்டிருந்தது. தொடக்கூடாது, தூக்கக்கூடாது, பால் கொடுக்கக்கூடாது. என் மார்பிலிருந்து பால் தானாக வழிந்து ரவிக்கை நனைந்தது. குளியலறையில் பிழிந்து கொட்டினேன். பிள்ளை பத்தடி தூரத்தில் கிடக்க, அவள் பால் சாக்கடையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் போன்ற கொடுமை வேறு இல்லை. வெளியே ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் ஜன்னலில் நிற்பேன். வேறு லாரியாக இருக்கும். 'எப்படியாவது வந்துவிடுங்கள், இனிமேல் உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன்' என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். பிற்பாடு அந்த வேண்டுதலை நான் நிறைவேற்றவில்லை என்பது பிள்ளையாருக்கே தெரியும்.

மறுநாள் சாயங்காலம் தாழ்வாரத்தின் கடைசியில் டீசல் வாடை வந்தது. அதற்குப் பின்னால் அவர் வந்தார். சட்டையெல்லாம் புழுதி. அக்கா வாசலிலேயே பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறார். நேரே கண்ணாடியிடம் போய் மகளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தவர் முகம் மாறியது.

"ஏ புள்ள, கழுத்துல எங்க?"

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சுவாமி மானா என்று கேட்டதிலிருந்து கத்தரி விரல்வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால், மனுஷன் சிரிக்கிறார்.

"அடியே, தாலின்னா இந்த ஊர்ல கயிறுடி! பெருட்னா வயிறு. தாலி பெருட்னா வயித்துக் கயிறு, கொடலு! கொடல்ல கோளாறு, வெட்டணும், புருசன் எங்கன்னு கேட்டுருக்கா. சுவாமின்னா புருசன்டி. நீ மேல கையக் காட்டிட்டியா? மேல போயிட்டேன்னு நெனச்சிருப்பாளே அந்த மிஸ்ஸி!"

நானும் சிரித்துவிட்டேன். இரண்டு நாளாகக் கட்டியிருந்தது உடைந்துபோய் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள். சிரிப்பு அடங்கியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஏதோ ஞாபகம் வந்தவர்போல என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப நீ போலேன்னா சொன்ன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தரையில் சிவப்புச் சிமெண்டு. அதில் ஒரு வெடிப்பு. இன்றைக்கும் அந்த வெடிப்பு எந்த வளைவில் போனது என்று என்னால் வரைந்து காட்ட முடியும்.

அவர் என் தலையில் கை வைத்தார். "சரிதான். லாரிக்காரன் உசுரு எப்பவும் ரோட்லதான் கெடக்குது. புள்ள உசுருதான் உன் கையில கெடந்துச்சு." அவ்வளவுதான் சொன்னார். போய் இரண்டு கோப்பி வாங்கி வந்தார்.

பிறகு டாக்டரிடம் பேசிவிட்டு வந்து எனக்கு விளக்கினார். டாக்டர் தன் கழுத்தில் கிடந்த ரப்பர் குழாயையே முறுக்கிக் காட்டினாராம். கருவில் இருக்கும்போதே குடல் தன் இடத்தில் போய் உட்காரவில்லை. அதனால் பிறந்தபின் முறுக்கிக்கொண்டது. குறுக்கே நாடாபோல ஒரு சதை வேறு விழுந்து அழுத்திக்கொண்டிருந்தது. முறுக்கைப் பிரித்து, நாடாவை வெட்டி, குடலை மறுபடி உள்ளே அடுக்கிவைத்தார். இன்னும் அரைநாள் தாமதித்திருந்தால் குடல் கறுத்துச் செத்திருக்கும். அந்தப் பச்சையை யார் கண்டுபிடித்தது என்று டாக்டர் கேட்டாராம். இவர் எதிர்வீட்டு அக்காவைக் காட்டியிருக்கிறார். தன் வீட்டுச் சின்னச் சட்டையை நினைத்தாரோ என்னவோ, அக்கா அன்று முழுக்கத் தலைநிமிரவில்லை.

இனி குடல் விழித்துக்கொள்ள வேண்டும், அதுவரை வாயில் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்றார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவர் வந்து கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்பார். என் வெறுங்கழுத்தைப் பார்த்து டவுனில் இரண்டு பேர் துக்கம் விசாரித்துவிட்டார்கள். "உறையை வாங்கித் தாங்களேன்" என்று கேட்டேன். "இருக்கட்டும்லா. அது அங்க காவலுக்கு இருக்குது. புள்ள வெளிய வரட்டும், ரெண்டையும் சேத்து வாங்கிக்கலாம்" என்றார். நானும் விட்டுவிட்டேன். என்னால் உள்ளே போக முடியவில்லை. என் கழுத்தில் கிடந்ததாவது அவள் காலடியில் இருக்கிறதே.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அதே சீன மிஸ்ஸி முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தாள். "சூடா பெராக்! சூடா பெராக்!" என்றாள். சூடா என்றால் ஆகிவிட்டது என்று அதற்குள் கற்றிருந்தேன். பேராக் வடக்கே இருக்கிற ஊர். பிள்ளையைப் பேராக்குக்கு அனுப்பிவிட்டார்களா! ஆனால் சூடு கண்ட பூனை நான். வாயைத் திறக்காமல், போலேயும் சொல்லாமல், தமிழ் ஆயாவைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, ஒம் புள்ள வெளிக்குப் போயிருச்சாம்மா! கொடலு வேல செய்யுது!"

அந்தத் துணியை எனக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். மஞ்சள் மங்கலமாக இருந்தது. நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு மறுநாள் கரண்டியில் நாலு சொட்டுப் பால் கொடுத்தார்கள். அதற்கும் சில நாள் கழித்து அவளை என் மடியில் வைத்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தாள். மார்பைத் தேடி, தப்பான இடத்தில் வாயை வைத்து, கோபித்துக்கொண்டு, பிறகு பிடித்தாள். இத்தனை வருடத்தில் எனக்கு எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது. அந்த ஒரு இழுப்புக்கு ஈடு எதுவும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்று மிஸ்ஸி உறையைக் கழற்றிக் கொடுத்தாள். மேலே எழுதியிருந்ததை அவர் வாசித்துக் காட்டினார். 'தாலி ஈபு. ஜாங்கான் புவாங்.' அம்மாவின் கயிறு, எறிந்துவிடாதீர்கள் என்று அர்த்தம். அவளுக்குத் தெரிந்த மலாயில் அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள். தாழ்வாரத்திலேயே, பிள்ளையை அக்கா வைத்துக்கொள்ள, அவர் எனக்கு மறுபடி தாலி கட்டினார். நாதஸ்வரம் இல்லை. மிஸ்ஸி மட்டும் கை தட்டினாள்.

அதன்பிறகு நாற்பது வருடம் அந்த மனுஷன் என்னைச் சும்மா விடவில்லை. குழம்பில் உப்புக் கூடினால், பஸ்ஸுக்கு நேரமானால், நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும். "ஆமா, நீதான் என்னைப் பொத்தோங் பண்ணச் சொன்னவளாச்சே!" என்பார். மகள் கல்யாணப் பந்தலில்கூட என் காதில் சொன்னார். நான் முழங்கையால் இடித்தேன். ஆனால் அவர் சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே எங்கேயோ எனக்குச் சுருக்கென்றது. ஒருநாள் நிதானமாக உட்கார்ந்து அவரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அன்றைக்குக் கேட்ட கேள்வி வேறு, உங்களை மட்டும் வைத்து யாராவது கேட்டிருந்தால் என் பதில் வேறு என்று. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். ஒரு காலை, பேப்பரை மடியில் வைத்தபடியே போய்விட்டார்.

கருமாதியன்று பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி கிண்ணத்தில் பால் கொண்டுவந்து வைத்தாள். ஒருத்தி என் பிடரியில் கை வைத்துக் கயிற்றைத் தேடினாள். முன்பின் தெரியாத சீனப் பெண் ஒருத்தி அந்த நாளில் ஆஸ்பத்திரியில் காகிதத்தை நீட்டி, போலேயா என்று என்னைக் கேட்டாள். இங்கே என் சொந்த ஜனம், ஒருத்திகூடக் கேட்கவில்லை.

"தா போலே" என்றேன். உரக்கவே சொன்னேன்.

தமிழ்ச் சடங்கில் இவள் ஏன் மலாயில் பேசுகிறாள் என்று எல்லோரும் விழித்தார்கள். துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று ஒருத்தி சொன்னாள். அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்ததைக் கேட்டு வளர்ந்த என் மகளுக்கு மட்டும் புரிந்தது. அவள் எழுந்து வந்து, அந்தக் கையை விலக்கிவிட்டு, எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அறுக்கவில்லை. முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பாலில் போடாமல் என் பெட்டியைத் திறந்து அந்தப் பழுப்பு உறையை எடுத்து வந்து அதற்குள் வைத்தாள்.

உறை இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நேற்றுக் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. தட்டை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.